இருபத்தேழாம் ஒலி

ஆறு திருகுகள் முட்டை அட்டையில்,
குழிக்கு ஒன்றாய்.
ஏழாவது உருண்டு அடுப்புக்கு அடியில் போனது.
போகட்டும்.

கூப்பியோவில் ஜனவரி.
மதியம் மூன்று மணிக்கே வந்துவிட்ட இரவு
ஜன்னலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.
உறைந்த ஏரியில் யாரோ பனிவண்டி ஓட்டுகிறார்கள்.
சமையலறை மேஜையில்
சிந்தசைசர் வயிறு திறந்து கிடக்கிறது.

பகலெல்லாம் பிறரை வாய் திறக்கச் சொல்பவள் நான்.
பல் ஆஸ்பத்திரியில் பதினொரு வருடம்.
"இன்னும் கொஞ்சம் அகலமா"
என்று மூடியிடமும் சொல்லிவிட்டேன்.

இடது மணிக்கட்டில் பட்டை,
பட்டையிலிருந்து கம்பி,
கம்பியின் நுனி ரேடியேட்டர் குழாயைக் கவ்வியிருக்கிறது.
கம்பளிச் சட்டை என் மேல் தேய்த்துச் சேர்த்த
குட்டி மின்னல்களெல்லாம்
ஐந்து மாடி இறங்கி மண்ணுக்குப் போகட்டும்.

பழைய பலகையின் மூலையில் பச்சை.
கீறினால் பொடிகிறது, லேசாக மீன் வாடை
(அது வெய்யோ கொடுத்த மீனாகவும் இருக்கலாம்:
இருநூறு யூரோ, இறக்கிக் கொண்டுபோவது உன் பாடு,
புகை போட்ட மீன் ஒன்று இலவசம்.)
மின்சாரம் நின்றாலும் ஒலிகளை மறக்கக் கூடாதென்று
உள்ளே ஒரு பேட்டரி வைத்திருந்தார்கள்.
நாற்பது வருடம் உட்கார்ந்த இடத்திலேயே
அது கசிந்து, ஊர்ந்து,
தாமிரக் கோடுகளை ஒவ்வொன்றாய்த் தின்றிருக்கிறது.
வேலி பயிரை மேய்ந்த கதைதான்.
பாவம், வேலிக்கும் பசி.

வினிகர் தொட்ட பஞ்சு நுரைக்கிறது.
ஒவ்வொரு இணைப்புக்கும் நாடா ஒட்டி எண் எழுதுகிறேன்.
பதினான்கை இரண்டு முறை எழுதியிருக்கிறேன்.
அது பிறகுதான் தெரியும்.

புதிய பலகை கடிதம்போல உறையில் வந்தது.
கறுப்பு. சுத்தம். என்னைவிடச் சின்ன வயது.
பேட்டரி கிடையாது அதற்கு,
மறதியும் கிடையாது என்று குறிப்பு சொல்கிறது.
நினைவும் இன்னும் கிடையாது.
தூண்களில் பொருத்தினேன். அழுத்தினேன்.
"டக்" என்ற சத்தம்
என் பற்களில் கேட்டது.

சுவிட்ச்.

எல்லா விளக்கும் எரிகின்றன.
எந்தக் கட்டையும் பேசவில்லை.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒரு மணி நேரம்.
கடைசியில் கைப்பையிலிருந்து
கடைவாய்ப் பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை எடுத்துப்
பலகைக்குப் பின்னால் நீட்டினால்,
பதினான்கு, இரண்டாம் பதினான்கு,
ஒரு ஊசி தள்ளி உட்கார்ந்திருக்கிறது.
முப்பது வயது நோயாளியின் ஞானப்பல் மாதிரி
சாய்ந்து, திமிராக.

அணைத்தேன். பிடுங்கி நட்டேன். மறுபடி சுவிட்ச்.

வந்தது.
அதை அழகு என்று சொல்ல மாட்டேன்.
முப்பத்திரண்டு இடத்திலும் குப்பை எண்கள்:
ஒன்றில் கொசு, ஒன்றில் வடிகால்,
ஒன்றில் வெறும் மூச்சு.

வெய்யோவைக் கூப்பிட்டேன்.
கரையோர நடனக் கூடங்களில்
இருபது கோடை வாசித்தவர்
பிழைத்ததா என்று கேட்கவில்லை.
"இருபத்தேழு இருக்கா?" என்றார்.

இல்லை.

கொஞ்ச நேரம் அவருடைய தொலைக்காட்சி மட்டும் கேட்டது.
பிறகு அதை அணைத்தார்.
கடைசி டாங்கோவுக்கு வைத்திருந்த ஒலியாம்.
போனிலேயே முனகிக் காட்டினார், நடுவில் இருமல்.
நான் குமிழ்களைத் திருப்பினேன்.
இன்னும் மெதுவா எழணும். குறை. அதில்லை, மற்றது.
"இதைவிட ஈரமா" என்றார்.
ஈரத்துக்கு எந்தக் குமிழ் என்று கேட்டேன்.
அவருக்கும் தெரியவில்லை.

பத்தரை மணிக்கு,
"இதுவும் நல்லாத்தான் இருக்கு, தெர்ஹி.
ஆனா அது இது இல்லை."
வைத்துவிட்டார்.

இதை இருபத்தேழில் சேமித்தேன்.

தூங்கப் போயிருக்கலாம்.
நான்கு கட்டைகளைப் பிடித்தபடி
சுருதிகளை ஒவ்வொன்றாய் உதிர்க்கும் பொத்தானை அமுக்கினேன்.
கழற்ற மறந்த பட்டையில் ஒரு அதிர்வு:
கீழ்வீட்டு ஓஸி
ரேடியேட்டர் குழாயைக் கரண்டியால் தட்டுகிறார்.

ஒலியைக் குறைத்தேன்.
மறுபடி தட்டினார், அவசரமில்லாமல்,
சீராக.
வேகக் குமிழை மயிரிழை பின்னுக்குத் திருப்பினேன்,
அவருக்குப் பொருந்தும்வரை.
நிறுத்துவார் என்று பார்த்தேன்.
நிறுத்தவில்லை.